எண்ணெய்க்காரர் கல்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், பங்களாக்கள் தொடங்கும் வளைவுக்குச் சற்று முன்னால், இடது பக்கம் ஒரு கல் நின்றது. பெரியவர்களுக்கு இடுப்பளவு உயரம். அதில் என் அப்பாவைப் பற்றி ஒரு வரி உண்டு. அந்த வரியை என் அம்மாவுக்கு நான் மாற்றி வாசித்துக் காட்டினேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

அந்தச் சாலையில் கல்லுக்குக் குறைவே இல்லை. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவளுக்காக வைத்த சுமைதாங்கி ஒன்று, வெயில் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் நடத்திய குடும்பத்தின் பெயர் வெட்டிய கல் ஒன்று, ஏதோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி கூடாரம் போட்டுத் தங்கிய இடம் என்று இங்கிலீஷில் எழுதிய கல் ஒன்று. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாங்கள் அதன்மேலெல்லாம் ஏறி உட்கார்ந்து நெல்லிக்காய் தின்போம். எழுத்துக் கூட்டப் பழகியதும் அந்தக் கற்களில்தான். யார் பெற்ற பிள்ளை, யார் செய்த தர்மம் என்று ஒவ்வொன்றையும் உரக்க வாசித்துக்கொண்டு நடப்போம். அந்த வரிசையில் எங்கள் வீட்டு ஆள் ஒருவரும் வந்து சேருவார் என்று யாருக்குத் தெரியும்?

அப்பா பெரிய அருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால், இடுப்பில் ஒரு துண்டும் கையில் எண்ணெய்க் கிண்ணமுமாக விடியற்காலமே போய்விடுவார். வீட்டுக்கு வரும்போது அவர் உள்ளங்கை ஊறி வெளுத்துப்போய், விரல் நுனியெல்லாம் சுருங்கியிருக்கும். என் தலையில் அந்தக் கையை வைத்தால் எண்ணெயும் ஈரமும் சேர்ந்து ஒரு வாசம் வரும். சீசன் முடிந்தால் தென்காசிச் சந்தையில் மூட்டை தூக்குவார்.

அருவியின் சத்தம் அவருக்குத் தெரியும். தண்ணீரில் செம்மண் நிறம் ஏறி, சருகும் குச்சியும் சேர்ந்து விழ ஆரம்பித்தால், மலைமேல் மழை பெய்கிறது என்று அர்த்தம். அப்போது அவர் போடும் சத்தத்துக்கு, பாதி எண்ணெயோடு இருக்கிறவர்கள்கூட எழுந்து ஓடுவார்கள். அவரோடு தொழில் செய்த அண்ணாச்சிமார் எல்லாரும் இதைச் சொல்லித்தான் பிற்பாடு அழுதார்கள். இவ்வளவு தெரிந்த மனுஷன் போய்விட்டாரே என்று.

நடந்தது இதுதான். ஒரு பெரிய மில்லுக்குச் சொந்தக்காரர் குடும்பத்தோடு சீசனுக்கு வந்து பங்களாவில் தங்கியிருந்தார். அவருடைய மகனுக்குப் பத்தொன்பது வயது. அருவி பாதி மலையில் விழுந்து, அங்கே ஒரு பள்ளத்தை நிரப்பிவிட்டுத்தான் கீழே குளிக்கிற இடத்துக்கு வரும். பொங்குமாங்கடல் என்று அந்தப் பள்ளத்துக்குப் பெயர். அங்கே ஏறக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பையன் சிநேகிதர்களோடு பக்கத்துப் பாறை வழியாக ஏறிப் பார்க்கப் போனான். பாசியில் கால் வழுக்கி உள்ளே விழுந்தான்.

மேலே கூச்சல் கேட்டதும் அப்பா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஏறினார். உள்ளே குதித்து, அவனைத் தலைக்கு மேலே தூக்கிப் பாறை ஓரம் தள்ளினார். மேலே நின்றவர்கள் இரண்டு வேட்டிகளை முடிந்து வீசி அவனை இழுத்துவிட்டார்கள். மறுபடி வேட்டியை வீசியபோது பிடிக்க ஆள் இல்லை. தண்ணீர் சுழன்று அவரை அடியில் கொண்டுபோய்விட்டது.

மூன்றாம் நாள் கீழே சிற்றாற்றில் ஒரு மதகடியில் கிடைத்தார். எனக்குக் காட்டவில்லை. அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டு வந்து, வாசலில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் இன்னொரு துண்டை எடுத்து மடித்து உள்ளே வைத்தாள்.

மில்காரர் வீட்டிலிருந்து ஒரு அரிசி மூட்டையும் ஒரு வெள்ளைச் சேலையும் வந்தன. மில்காரரே ஒரு தடவை வந்து வாசலில் நின்று கை கூப்பினார். மகனுக்குக் காய்ச்சல், ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்றார். ஒரு கல் வைக்கப்போவதாகவும் சொன்னார். அம்மாவுக்கு அந்தச் சொல் மனதில் விழுந்துவிட்டது. அடுத்த ஒரு வருஷம், இருக்கிற கஷ்டம் எல்லாவற்றுக்கும் நடுவில், கல் வருதாம் கல் வருதாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறு சீசனில் கல் வந்தது. திறப்பு அன்று பந்தல் போட்டு, வாழை கட்டி, நாதஸ்வரம் வைத்திருந்தார்கள். தாலி இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக்கூடாது என்று யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளாகவே என்னையும் இழுத்துக்கொண்டு தள்ளி ஒரு மருத மரத்துப் பக்கம் போய் நின்றாள். யாரோ பேசினார்கள். காற்றிலும் சாரலிலும் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் கலைந்து, பந்தல்காரர்கள் கம்பு பிடுங்க ஆரம்பித்த பிறகுதான் நாங்கள் கல்லுக்குக் கிட்டே போனோம்.

கல்லில் மாலை போட்டிருந்தது. அம்மா அதை மெள்ள ஒதுக்கிவிட்டு, "வாசிட்டி," என்றாள்.

நான் முதலில் மனதுக்குள் வாசித்தேன். பெரிய எழுத்தில் மில்காரரின் பெயர். அவருடைய குமாரனின் பெயர். இவ்விடத்து அருவியில் தெய்வாதீனமாய் உயிர் பிழைத்ததன் ஞாபகார்த்தம் என்று இருந்தது. கடைசியில், மண்ணுக்குச் சாண் அளவு மேலே, சின்ன எழுத்தில் ஒரு வரி. அச்சமயம் உதவி புரிந்து உயிர்நீத்த தொழிலாளியின் ஆத்மா சாந்தியடைக. அவ்வளவுதான். அப்பாவின் பெயர் இல்லை. ஒருவேளை பின்பக்கம் இருக்குமோ என்று சுற்றிப் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் கல்.

"என்னட்டி சுத்துத? வாசி."

நான் வாசித்தேன். மில்காரரின் பெயரைச் சொன்னேன், மகன் பெயரைச் சொன்னேன். கடைசி வரிக்கு வந்ததும் என் வாய் அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டது. இன்னாரைக் காப்பாற்றிய இன்னாரின் ஆத்மா சாந்தியடைக என்று, கல்லில் இருப்பதுபோலவே தயங்காமல் சொன்னேன். யோசித்துச் செய்ததில்லை. அம்மா ஒரு வருஷமாகக் காத்திருந்தாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அம்மா குனிந்து உட்கார்ந்தாள். "அப்பா பேரு எங்கன இருக்கு? தொட்டுக் காட்டு."

அவள் விரலைப் பிடித்துத் தொழிலாளி என்ற சொல்லின்மேல் வைத்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அவள் விரலால் தடவினாள். பிறகு சேலைத் தலைப்பால் அந்த இடத்தை மட்டும் துடைத்தாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு அமாவாசைக்கும் அம்மா அங்கே போவாள். கல்லைக் கழுவி, அந்த ஒரு சொல்லின்மேல் திருநீறு பூசி, நாலு அரளிப்பூ வைப்பாள். மேலே இருக்கும் பெரிய பெயர்களை அவள் ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. போகிற வருகிறவர்கள் இதைப் பார்த்துப் பார்த்து அதை எண்ணெய்க்காரர் கல் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எண்ணெய்க்காரர் கல்லுகிட்ட இறக்கிவிடுங்க என்று பஸ்ஸில் கேட்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மா முகத்தில் ஒரு நிறைவு வரும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அம்மா பங்களாக்களில் பெருக்கித் துடைத்து, அம்மியில் அரைத்துக் கொடுத்தாள். நான் எட்டாவதோடு நின்று பீடி சுற்ற உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். இலை வெட்டிக்கொண்டிருக்கும்போது, சோறு போடும்போது, தலை பின்னும்போது. ஒவ்வொரு தடவையும், போகட்டும், இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றும். வருஷம் ஏற ஏற, பொய்யைவிட அதைச் சொல்லாமல் இருந்ததுதான் பெரிய குற்றமாகிப்போனது.

எனக்குப் பத்தொன்பது வயதாகும்போது, எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சாயந்தரம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு டீச்சர் வீடு வீடாக வந்து பெண்களைக் கூப்பிட்டார். மற்றவர்களெல்லாம் சிரித்து மழுப்பினார்கள். அம்மா உடனே வருவதாகச் சொல்லிவிட்டாள். எதற்கு இந்த வயசில் என்று நான் கேட்டேன்.

"அந்தக் கல்ல நானே வாசிக்கணும்லா," என்றாள்.

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கண் வலிக்கும் என்றேன். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்துவிட்டு அங்கேயும் போய்க் குனிய வேண்டுமா என்றேன். ஒரு நாள் அவள் சிலேட்டுக் குச்சியை எடுத்துக் கூரைச் செருகலில் ஒளித்து வைத்தேன். அம்மா தேடிப் பார்த்துவிட்டு, அடுப்புக்கரித் துண்டோடு போய்விட்டாள். அன்று அவள் போன பிறகு குச்சியை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, சுற்றிய பீடி அத்தனையும் கோணலாகிப்போகும்படி அழுதேன்.

அங்கே முதலில் அவரவர் பெயர், அடுத்து வீட்டுக்காரர் பெயர் என்று பழக்குவார்களாம். பாதிப் பெண்களுக்கு வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல வாய் வராது. அந்தக் காலத்தில் எந்தப் பெண் சொல்லுவாள்? பக்கத்தில் இருக்கிறவளிடம் கேட்டு டீச்சர் எழுதிக் கொடுப்பாராம். அம்மாவும் அப்படித்தான் வாங்கி வந்தாள். அப்பாவின் பெயர் மூன்றே எழுத்து. அம்மா அதை நாள் முழுக்க எழுதினாள். சிலேட்டில், தரையில், ஆட்டுக்கல்லில் வழிந்த மாவில்.

ஒரு அமாவாசை அன்று, சிலேட்டில் அப்பாவின் பெயரை எழுதி இடுப்பில் இடுக்கிக்கொண்டு கல்லுக்குப் போயிருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று அவள் திரும்பி வந்தபோது, பூவும் திருநீற்றுச் சம்புடமும் கொண்டுபோனபடியே இருந்தன.   இரண்டு நாள் அவள் சிலேட்டைத் தொடவில்லை.

மூன்றாம் நாள், நான் இலை நனைத்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"தொழிலாளின்னு போட்டிருக்கு," என்றாள்.

நான் கையிலிருந்த இலையைப் பார்த்துக்கொண்டே, ஆமா என்றேன்.

"அன்னைக்கு நீ அப்படி வாசிக்கலேன்னா நான் வீடு வந்து சேந்திருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும்." ஒரு இலையை எடுத்து நீவிவிட்டு, "ஆனா அதுக்குப் பொறவு ஏழு வருஷம் இருந்துச்சே. ஒரு நாள் சொல்லியிருக்கலாம்லா," என்றாள்.

குரலை உயர்த்திச் சொல்லவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நான் எப்படியாவது ஆறியிருப்பேன். அந்த ஒரு நாள் எது, எந்த நாளில் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த சீசனில் ஒரு செய்தி வந்தது. மில்காரர் இறந்துபோய்விட்டார், அவருடைய மகன் பெண்டாட்டி பிள்ளையோடு பங்களாவுக்கு வந்திருக்கிறார் என்று அம்மாவோடு வேலை பார்க்கும் ஒரு ஆச்சி சொன்னாள். அம்மா மறுநாள் காலையில் தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை உடுத்தி, என்னையும் கூட வரச் சொன்னாள். என்ன பேசப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. வழியில் அந்தக் கல்லைத் தாண்டும்போது அவள் நிற்கவில்லை.

அப்பா காப்பாற்றிய ஆளை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். இருபத்தெட்டு வயது இருக்கும். கொஞ்சம் தொந்தி, நெற்றியில் முடி ஏறியிருந்தது. மடியில் ஒரு பெண் குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. நாங்கள் யார் என்று அம்மா சொன்னதும், குழந்தையை இறக்கிவிட்டு எழுந்து நின்றார். எங்களை உட்காரச் சொன்னார். காப்பி கொண்டுவரச் சொன்னார்.  நல்ல மனிதர்தான். அவரை வெறுக்க வேண்டும் என்று நான் தயாராகப் போயிருந்தேன், முடியவில்லை.

அந்தக் கல்லை ஒரு தடவைகூட வாசித்ததில்லை என்றார். காரில் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாராம். எல்லாம் அவருடைய அப்பா ஏற்பாடு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாதான் அவருக்குச் சொன்னாள். முழுவதும் மனப்பாடமாகச் சொன்னாள். கடைசி வரி வந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவுக பேரு வேணும், அவ்வளவுதான்," என்றாள் அம்மா. "வேற ஒண்ணும் கேக்க வரல."

அவர் தாளும் பேனாவும் எடுத்து வந்தார். அவர் பெயர் என்னம்மா என்று கேட்டார். நான் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

அப்பா இருந்த காலத்திலும், போன பிறகும், அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து நான் கேட்டதில்லை. மெதுவாக, எழுத்து எழுத்தாக, புதிதாக வாசிக்கப் பழகியவர்கள் சொல்வதுபோலச் சொன்னாள். 

அவர் எழுதிக்கொண்டார். அம்மா எட்டிப் பார்த்தாள். "மூணு சுழி போடணும். ரெண்டு சுழி போட்டிருக்கிய," என்றாள். அவர் அடித்துவிட்டுத் திருத்தினார். அம்மா மறுபடி பார்த்துத் தலையாட்டினாள். அடுத்த சீசனுக்குள் வெட்டிவிடலாம் என்று அவர் சொன்னார். வாசல் வரை வந்து எங்களை அனுப்பினார். அம்மா வீடு வரும் வரை வேகமாக நடந்தாள். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

அடுத்த சீசனுக்கு அவர் வரவில்லை. பங்களா பூட்டிக் கிடந்தது. அதற்கடுத்த வருஷம் அதை வேறு யாரோ வாங்கி வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். காவல்காரரிடம் விலாசம் வாங்கி நான் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். பதில் இல்லை. அது போய்ச் சேர்ந்ததா, அவர் மறந்துவிட்டாரா, அவர் வீட்டில் யாராவது வேண்டாம் என்றார்களா, எங்களுக்குத் தெரியவே இல்லை. கோயிலில் வேலை செய்த ஒரு கல்தச்சரை எனக்குத் தெரியும். மூன்று எழுத்துத்தானே, நாமே வெட்டச் சொல்லுவோம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவுக வெட்டணும். நாமளே வெட்டுனா நாமளே சொல்லிக்கிட்ட மாதிரி இருக்கும்," என்றாள். சாரல் தொடங்கினால் போதும், கார்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுச் சாலையைப் பார்ப்பாள் என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் சொல்லுவார்கள். அமாவாசைக்குக் கல்லுக்குப் போவதை அவள் விட்டுவிட்டாள்.

என்னைக் கடையத்தில் கட்டிக்கொடுத்தாள். என்னோடு வந்து இருக்கச் சொல்லி எவ்வளவோ கேட்டேன். சீசன் முடியட்டும், வாரேன் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லுவாள்.

அறுபதுகள் முடியப்போகிற சமயம். எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அம்மாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அவள் கையால் எழுதிய முதல் கடிதம். எழுத்து ஒவ்வொன்றும் பெரிதாக, ஒன்றை ஒன்று தொடாமல் நின்றது. இப்படி எழுதியிருந்தாள்: எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. இங்கன மழை நல்லா இருக்கு. ரோட்டை ஒசத்திட்டாங்க. கல் பாதி மண்ணுக்குள்ள போயிட்டு. அப்பா வரி தெரியல. பிள்ளையைப் பாத்துக்கோ.

வாசித்துவிட்டு வெகுநேரம் கார்டைக் கையில் வைத்திருந்தேன். அவள் சும்மா தகவல் எழுதுகிறவள் இல்லை. உடனே போக வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது. பச்சைக் குழந்தையோடு இந்த மழையில் எப்படிப் போவாய், ஆவணி கழியட்டும் என்றார்கள் வீட்டில். நானும் சரி என்றுவிட்டேன். பதில் எழுதவாவது செய்திருக்கலாம். போகத்தானே போகிறோம், நேரில் பேசிக்கொள்ளலாம் என்று அதையும் தள்ளிப்போட்டேன்.

நெஞ்சில் சளி கட்டி மூன்று நாள் கிடந்தாளாம். பக்கத்து வீட்டு ஆச்சி கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறாள். தந்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தென்காசி வந்து, அங்கிருந்து குற்றாலம் பஸ் ஏறினேன். சீசன் கூட்டம். ஈரத் துண்டும் எண்ணெய் வாசமுமாக ஆட்கள் நெருக்கி நின்றார்கள். எனக்கு வலது பக்கம் இடம் கிடைத்தது. குழந்தை பசியில் வீரிட்டு அழுதது. அதற்குப் பால் கொடுத்து, முதுகைத் தட்டி, சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தபோது பங்களாக்கள் வந்துவிட்டன. இடது பக்கம் இருந்த கல்லை நான் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். யாரோ நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.